டிக்கியில் வைத்த முகூர்த்தப் புடவை

அப்பாவின் காரியத்துக்கு வந்தவர்கள் அவருடைய நெசவைப் பற்றிப் பேசினார்கள். காரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மரியாதைக்குத்தான்.

அப்பா பெயர் தனகோடி. ஆரணியில் பட்டு நெசவு. போளூரில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய காரை எண்பத்து மூன்றில் வாங்கி வந்தார். தறியிலிருந்து எழுந்தால் கார்தான். எல்லாவற்றையும் ஓடவைத்துவிட்டார். பெட்ரோல் முள் மட்டும் அசையவில்லை.

மகள் நான், எலெக்ட்ரிகல் டிப்ளமோ. வேலூரில் டெலிபோன் இலாகாவில் வேலை. ஒரு விடுமுறையில் இருவரும் டிக்கியின் தரைத் தகட்டைத் திறந்து, டேங்கின் மேல் பொருத்தியிருந்த, சென்டர் என்னும் அளவுக் கருவியைக் கழற்றினோம். பெட்ரோல் அளவோடு ஒரு மிதவை ஏறி இறங்கும். அதன் கம்பி மின்தடைச் சுருள்மேல் நகரும். முள் அதற்கேற்ப அசையும். சுருள் அறுந்திருந்தது. அப்பா அறுந்த முனைகளைப் பிடித்துக்கொள்ள, நான் ஈயம் வைத்தேன். மிதவையைக் கையால் தூக்கியதும் அப்பா கத்தினார்.

"ஏறுதும்மா! பாரு, முள்ளு ஏறிகினு கீது!"

"கார்க் கேஸ்கட் வாங்கி வெச்சு மூடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கசியாமல் அடைக்கும் அந்தக் கார்க் வளையம் ஆரணியில் அந்த அளவில் கிடைக்கவில்லை. வந்தவாசி உண்ணாமலையம்மாளின் மகளுக்கு அப்பா முகூர்த்தப் புடவை நெய்து முடித்திருந்தார். சொந்தக் காரில் கொண்டுபோய்க் கொடுக்க ஆசை. தறியில் பூவேலைக்குக் கோக்கும் ஜக்கார்டு அட்டையில், துளையில்லாத ஓரமாகப் பார்த்து வளையம் வெட்டி வைத்து மூடினார். கெட்டி அட்டைதான். ஆனால் பெட்ரோலுக்கு அது வெறும் காகிதம். முள் உச்சிக்குப் போவதைப் பார்க்க டேங்கையும் நிரப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை புடவை மூட்டையை டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நானும் உடன் போனேன். வழியெல்லாம் பெட்ரோல் வாசனை. அந்தக் காரில் எப்போதும் வருவதுதான்.

உண்ணாமலையம்மாள் உறவுக்காரர்கள் நடுவில் மூட்டையைப் பிரித்தார். அடிப்பக்கம் நனைந்து, புடவையின் அரக்கு நிற உடலில் அழுக்கு வட்டம் படிந்திருந்தது.

"இன்னாங்க இது? தறியில நெய்தீங்களா, பெட்ரோல் பங்க்ல நெய்தீங்களா?"

யாரோ சிரித்தார்கள்.

"அலசிக் காயப்போட்டா போயிடுங்கம்மா."

"அலசின புடவையிலயா எம்பொண்ணுக்குத் தாலி கட்டுவாங்க?"

தண்ணீர் பட்டால் அது புதுப்புடவை இல்லை என்று அப்பாவுக்குத் தெரியாதா? மூட்டையைக் கட்டினார். ஆரணிக்குத் திரும்பி, எங்கள் தெரு வேணுகோபால் வீட்டு வாசலில் நின்று, அவர் தறியிலிருந்து அறுத்து வைத்திருந்த அரக்குப் புடவையைக் கேட்டு வாங்கினார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க் கொடுத்தார்.

கல்யாணத்துக்கும் பஸ்ஸில்தான் போனோம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்.

"ஆரணிங்களா? பொண்ணு கட்டிகினு கீற புடவை ஜோரா கீதே. நீங்க நெய்ததா?"

ஆமாம் என்று அப்பா சொல்லியிருக்கலாம். அங்கே வேணுகோபால் இல்லை.

"இல்லீங்க. வேணுகோபால்னு, எங்க தெருக்காரர் நெய்தது. என்னுத நான்தான் பாழாக்கிட்டேன்."

பக்கத்து இலைக்காரர் ரசம் கேட்கத் திரும்பிக்கொண்டார். அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. டேங்கைத் திறந்துவிட்டு, மூடாமல் பஸ் ஏறியவள் நான்தான். திரும்பியிருந்தால் நானும் வேறெங்காவது பார்த்திருப்பேன்.