எங்கள் வீட்டில் கெய்ரோ, அவர்கள் வீட்டில் காஹிரா

நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே கல்முனைக் கடைகளில் ஈத்தம்பழப் பெட்டிகள் மதில் மாதிரி எழும்பத் தொடங்கிவிடும். போன வெள்ளிக்கிழமை அப்படியொரு மதிலுக்கு முன்னால், வாங்குவதற்கு முன்பே மூக்கால் பாதியைச் சாப்பிட்டுக்கொண்டு நின்றேன். பெட்டியின் ஒரு பக்கத்தில் அரபியில் ‘அல்காஹிரா’ என்றிருந்தது. மறுபக்கத்தில் ஆங்கிலத்தில் ‘கெய்ரோ’. கடைக்காரர் பாதிப் பெட்டியை அரபி தெரியவும் மீதியை ஆங்கிலம் தெரியவும் அடுக்கியிருந்தார்.

“ரெண்டும் ஒண்டுதானே காக்கா?” என்றேன், அண்ணன் முறை வைத்து.

“எப்பிடித் தம்பி ஒண்டாகும்? இது காஹிராப் பழம், பரக்கத்தானது, அல்லாஹ்ட அருள். அது கெய்ரோப் பழம், கொஞ்சம் பெரிசி.”

வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். பத்து வருடத்துக்கு முந்திய நானாக இருந்தால் அந்த இடத்திலேயே அவருக்கு வகுப்பெடுத்து, பழமும் வாங்காமல், அவரது வியாபாரத்தையும் கெடுத்துவிட்டு வந்திருப்பேன். அப்போது நான் அப்படிப்பட்ட ஆள். இந்த இரண்டு பெயர்களால் எங்கள் ராத்தாவின், அதாவது என் அக்காவின், கலியாணம் கவிழப் பார்த்த கதையைச் சொல்கிறேன். நீங்கள் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு கேளுங்கள், எந்தப் பெட்டியில் இருந்தென்றாலும் சரி.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை கல்முனையில் ஒரு கொமினிகேஷனில் வேலை பார்த்தேன். போட்டோகொப்பி, இன்டர்நெட், வெளிநாட்டுக்குக் கதைக்கப் பலகையால் அடைத்த இரண்டு அறைகள். கொப்பி மெஷின் சூடானால் ஒரு மணம் வரும், பக்கத்து ஹோட்டலில் கொத்து ரொட்டி போட்டால் ஒரு மணம் வரும். இரண்டும் கலந்த அந்த மணத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பசிக்கிறது. என்னைப் போலவே ரிப்கான் என்ற நிந்தவூர்ப் பொடியனும் அங்கே பெறுபேற்றுக்காகக் காத்திருந்தான். முதலாளியை எல்லோரும் ‘பொஸ்’ என்போம்.

பொஸ் ஒருநாள் நான்கு மணிக்கூடு வாங்கி வந்து சுவரில் மாட்டினார். ரியாத், டோஹா, லண்டன், கொழும்பு. கொழும்பு நேரம் பார்க்கக் கல்முனையில் தனி மணிக்கூடு எதற்கென்று நான் கேட்கவில்லை, எனக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. மணிக்கூடுகளுக்குக் கீழே பெயர் எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. எந்த ஊரையும் அந்த ஊர்க்காரர் சொல்லும் பெயரால்தான் சொல்ல வேண்டும் என்பது அந்தக் காலத்து என் கொள்கை. (அதற்கு முந்திய மாதத்துக் கொள்கை, சீனி போடாத தேநீர்.) ஆகவே ‘அர்ரியாழ்’ என்று எழுதினேன். ‘அத்தவ்ஹா’ என்று எழுதினேன். லண்டன் மட்டும் லண்டனாகவே இருந்தது பெரிய ஏமாற்றம்.

மறுநாள் ஒரு உம்மா வந்து சுவரை நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, என்ட மகன் டோஹாவில. மணிக்கூட்டுல டோஹாவக் காணல்ல?”

“அத்தவ்ஹாதான் உம்மா டோஹா.”

“அங்கயா மாத்திட்டாங்க? என்னட்ட ஒரு வார்த்த செல்லல்லயே!”

சொல்லி முடிக்குமுன் கண்ணீர் வந்துவிட்டது. அறைக்குள் போய், தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பி, உம்மாவுக்குச் சொல்லாமல் ஊர் மாறியதற்காக நல்ல ஏச்சு கொடுத்தார். பொஸ் என்னைக் கூப்பிட்டார். “டேய், அரபிக்காரன் அவன்ட ஊருக்கு என்ன பேரும் வைக்கட்டும். அந்த மனிசிர கண்ணீருக்கு என்ட டிசு பெட்டி முடிஞ்சி. மாத்துடா.”

மாற்றினேன். ஆனால் கொள்கையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டில் அதற்குச் சரியான எதிரி இருந்தாள்: ராத்தா. என்னைவிட ஏழு வயது மூப்பு, பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள். உலக வரைபடம் அவள் கையில் இருக்க, வாய் என்னிடம் இருந்தது. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக் குசினி வாசலில் இருவரும் அடித்துக்கொள்வோம்.

“நம்மட மட்டக்களப்ப வெள்ளக்காரன் பட்டிக்கலோவாக்கினான். நாம மத்தாக்கள்ர ஊருக்கு அதே அநியாயத்தச் செய்யலாமா?” என்பேன்.

“என்ட பிள்ளையள் சோதனையில காஹிரா எண்டு எழுதினா, திருத்துறவர் அத காலிக்குப் பக்கத்துல ஒரு ஊராக்கும் எண்டு நினைப்பாரு. பேரு கேக்கிற ஆளுக்கு விளங்கத்தான்டா. உன்ட அறிவக் காட்டவா?”

“அறிவு இரிக்கிறவன் காட்டத்தான் வேணும்.”

“இரிந்தாக் காட்டு மறுகா.”

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் புரோக்கர் காக்கா வந்தார். வெள்ளைத் தொப்பி, அக்குளில் குடை, எந்த வீட்டிலும் இரண்டாவது தேநீர் வருமட்டும் விஷயத்துக்கு வரமாட்டார். மாப்பிள்ளை மருதமுனைக்காரர், கெய்ரோவில் ஒரு கம்பனியில் வேலை.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் போய் மாப்பிள்ளை கேட்பார்கள். கேட்டு நிச்சயமாகும்வரை மாப்பிள்ளையின் பெயரை வீட்டுக்குள்ளேகூடச் சொல்வது கிடையாது. கண்ணூறு பட்டுவிடும், மொட்டைக் கடிதம் போட்டுவிடுவார்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் காது இருக்கும். ஆகவே மனிதன் இருக்கும் ஊர்தான் மனிதனின் பெயர். ஒரு வீட்டில் ‘ஜித்தா’ பேசப்படும், இன்னொரு வீட்டில் ‘குவைத்’ கைநழுவிப் போயிருக்கும். எங்கள் வீட்டில் மருதமுனைப் பொடியன் கெய்ரோ ஆனார்.

“கெய்ரோக்கு இறால் ஒத்துக்காதாம்” என்றா உம்மா கவலையோடு. எங்கள் வீட்டில் இறால் இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது.

“கெய்ரோ இடக்கையால எழுதுமாம். கெய்ரோக்கு மூணு தங்கச்சி.”

வாப்பா மாவடிப்பள்ளி வயலால் வந்ததும் கால் கழுவமுன் கேட்பார்: “கெய்ரோவால ஒண்டும் வரல்லயா?” வானொலிச் செய்தியில் அந்த ஊரின் பெயர் அடிபட்டால் வீடே மூச்சை அடக்கும்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “காஹிரா எண்டு செல்லுங்க வாப்பா. அதான் சரியான பேர்.”

“நீ காஹிரா எண்டு கூப்பிட்டா மாப்புளைக்கு முன் மண்டையில முடி முளைக்குமா?” என்றார் வாப்பா. மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்திருந்தார்.

கெய்ரோவுக்கு முந்திய இரண்டு இடங்களை ‘வேணாம்’ என்று ஒரே சொல்லில் தட்டிவிட்ட ராத்தா, இந்த முறை பேசாமல் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு கிழமை கழித்து என்னிடம் மெல்லக் கேட்டாள்: “உங்கட கடையில கெய்ரோக்கு ஒரு மணிக்கூடு இல்லியாடா?”

நான் கிண்டலடிக்க ஆயத்தமாகி, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். உள்ளே கெய்ரோ நேரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று விளங்கியது.

இங்கே ரிப்கானுக்கு வர வேண்டும். அவனுடைய வாப்பா மௌலவி. ஒருநாள் கொப்பி மெஷினைத் திறந்து சிக்கிய கடதாசியை இழுத்துக்கொண்டே சொன்னான்: “நீ ஒரு ஆள்தான்டா இந்தக் கடையில காஹிராவ காஹிரா எண்டு செல்ற. எங்கட ஊட்டயும் அப்பிடித்தான். எங்கட ராத்தாக்கு ஒரு காஹிரா பேசுது. அங்க ஓதி முடிச்சவரு.”

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. நிந்தவூரில் ஒரு முழுக் குடும்பமே என் கட்சி! வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை. அவன் சொன்ன ஒவ்வொரு விபரத்தையும் வாதத்துக்கு உதவுமென்று பத்திரமாகச் சேர்த்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை பகல் சோற்றில் ராத்தாவின் முன்னால் அவிழ்த்தேன்.

“படிச்ச குடும்பம் எப்பிடிக் கதைக்கும் தெரியுமா? ‘எங்கட காஹிராக்கு இறால் தின்டா உடம்பெல்லாம் தடிக்கும்.’ ‘எங்கட காஹிரா எழுதுறது இடக்கையால.’ எவ்வளவு வடிவா இரிக்கி! நீங்களும்தான் செல்றீங்க, கெய்ரோ கெய்ரோ எண்டு.”

ராத்தாவின் கை சோற்றில் நின்றது.

“அந்தக் காஹிராக்கு எத்தின தங்கச்சி?”

“மூணு” என்றேன், வென்றவனின் குரலில். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

உம்மா அகப்பையை வைத்துவிட்டா. வாப்பா என்னையும் ராத்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன, அங்கயும் ஒருத்தருக்கு இறால் ஒத்துக்காதாமா?” என்றார். பாவம், அவருக்கு அது இன்னும் வேறு ஊர்.

மறுநாள் காலை புரோக்கர் காக்கா வந்து கதிரையில் இருந்து, முதல் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தா கேட்டாள்:

“காக்கா, காஹிராவில இப்ப மழையா?”

“காஹிராவில எங்க மகள் மழ! அங்க மண்ணும் வெயிலும்...” என்று தொடங்கியவர் கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

வாப்பாவின் குரல் ஏறியது. “ஒரு மாப்புளைய ரெண்டு ஊட்ட கதைக்கிறயா நீ?”

“ரெண்டு ஊட்ட கதைக்கிறது குத்தமா ஹாஜி? கேக்கிற இடத்துல ஒண்டுதானே விழும். நான் பொய் செல்லல்ல. அங்க ஓதினதும் உண்ம, வேல செய்றதும் உண்ம. அவங்கட ஊட்ட மௌலவி இரிக்காரு, காஹிரா எண்டாத்தான் கதவத் துறப்பாரு. உங்கட ஊட்ட டீச்சர் இரிக்கா, கெய்ரோ எண்டாத்தான் கதிர போடுவீங்க. நான் என்ன செய்ய?”

வாப்பா “போ, மறுகா இந்தப் பக்கம் வராத” என்றார். புரோக்கர் குடையை எடுத்துக்கொண்டு, இரண்டாவது தேநீர் இல்லாமல் போனார்.

கெய்ரோ முடிந்தது என்று நினைத்தோம். பின்னேரம் எங்கள் ராத்தா வந்து, என்னிடம் ரிப்கானின் ராத்தாவுடைய நம்பரைக் கேட்டாள். ரிப்கானிடம் வாங்கிக் கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தாள். முதலில் முணுமுணுப்பு. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு நீண்ட சிரிப்பு. வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“அந்தப் பிள்ள ஒலுவில் கெம்பஸ்ல ரெண்டாம் வருசம். படிப்பு முடியிறதுக்குள்ள இந்தப் பேச்ச எப்பிடி நிப்பாட்டுறது எண்டு யோசிச்சிட்டு இரிந்திச்சாம். ‘ராத்தா, நீங்க எடுத்துக்கங்க’ எண்டு செல்லுது, கடையில சாமான் குடுக்கிற மாதிரி.”

“அப்ப நீ?” என்றா உம்மா.

“நான் ஆளோட ஒருக்கா கதைக்கணும். எனக்குப் புரோக்கரும் வேணாம், படமும் வேணாம்.”

வாப்பா இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு, தானும் வருவதென்றால் சரி என்றார். எங்கள் கடையின் பலகை அறைக்குள் ராத்தா இருந்தாள். நான் ஸ்கைப்பை இணைத்துவிட்டு வாசலில் நின்றேன். வாப்பா கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் மாப்பிள்ளை வந்தார், கோட், டை எல்லாம் போட்டு. விசிறியைத் திருப்ப எழும்பியபோதுதான் இடுப்பில் சாரன் கட்டியிருப்பது தெரிந்தது.

ராத்தா சுற்றி வளைக்கவில்லை. “ரெண்டு ஊட்ட பேசினது உங்களுக்குத் தெரியுமா?”

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். லைன் இறுகிவிட்டதென்று நினைத்து நான் வயரை ஆட்டினேன். ஆனால் அவருக்குப் பின்னால் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

“தெரியும்” என்றார் கடைசியில். “உம்மா சென்னா. எனக்குப் புடிக்கல்ல. ஆனா வேணாமெண்டு ஒரு வார்த்த செல்லல்ல. அது என்ட பிழதான்.”

ராத்தா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள். பிறகு குரல் மாறியது. “மத்தது, உங்கட ஊருக்கு என்ன பேர்? கெய்ரோவா, காஹிராவா? எனக்கும் தம்பிக்கும் ஒரு வழக்கு கிடக்கு.”

நான் கழுத்தை நீட்டினேன்.

“இங்கத்த ஆக்கள் ரெண்டும் செல்றல்ல. பஸ்ல, கடையில எல்லாம் ‘மஸ்ர்’ எண்டுதான். நாட்டுக்கும் அதான், ஊருக்கும் அதான். காஹிரா எண்டு நான் கேட்டா எங்கயோ பழைய அரபுக் கிதாபுலருந்து இறங்கி வந்த ஆள் மாதிரிப் பாப்பாங்க.”

ராத்தா சிரித்த சிரிப்பில் பலகை அறை அதிர்ந்தது. வாப்பா பத்திரிகையைக் கீழே இறக்கி, நேராக்கி, மறுபடி தூக்கினார். என் கொள்கை அந்த நிமிடமே மௌத்தாகி மண்ணுக்குள் போனது. என் மதிப்பில் கலியாணம் நிச்சயமானதும் அந்த நிமிடம்தான், மற்றதெல்லாம் சடங்கு. பிறகு உம்மாவே புரோக்கர் காக்காவைக் கூப்பிட்டு இரண்டாவது தேநீரையும் கொடுத்தா. ரிப்கான் மட்டும் கொஞ்சக் காலம் என்னை “எங்கட காஹிராவக் கடத்தின கள்ளன்” என்று கூப்பிட்டுத் திரிந்தான்.

கலியாணம் முடிந்து அடுத்த வருடம் மச்சான் ராத்தாவைத் தன்னோடு கெய்ரோவுக்கு அழைத்துக்கொண்டு போனார். எங்கள் வழக்கப்படி ராத்தாவுக்கென்று சீதனமாகக் கட்டிய வீட்டை உம்மா வெள்ளிக்கிழமைகளில் திறந்து, கூட்டி, மறுபடி பூட்டுகிறா.

அந்தக் கொமினிகேஷன் இப்போது போன் கவர் விற்கும் கடை. நிச்சயமாகும்வரை மாப்பிள்ளையை ஊரால் அழைக்கும் வழக்கமும் ஏறக்குறையப் போய்விட்டது. புரோக்கர்மார் பெயர், விலாசம், படம் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். தேநீர் கொதிக்குமுன் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையின் பால்பல் விழுந்த கதைவரை தெரிந்துவிடுகிறது.

போன மாதம் ராத்தாவோடு கதைத்த உம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, “கெய்ரோவில சரியான குளிராம்” என்றா. எனக்கு என்ன தோன்றியதோ, வேண்டுமென்றே பழைய குரலில், “காஹிரா எண்டு செல்லுங்க உம்மா” என்றேன். சொல்லிவிட்டுக் குசினி வாசலைப் பார்த்தேன்.

“ஓம் மகன், காஹிராதான்” என்றா உம்மா. சண்டைக்கு யாரும் வரவில்லை.