கணவனிடம் தனியாக, மனைவியிடம் தனியாக

பிறர் வீட்டுக் குடும்ப விஷயத்தைக் கேட்பதே தொழிலாகிவிட்டால், கேட்கிறவருக்கு முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது குரல். வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிழைக்கிறவர்களுக்கெல்லாம் இது தெரிந்திருக்கும். நான் பி.ஏ. முடித்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு மனோதத்துவப் பேராசிரியர் வேலூருக்கு வந்தார். தம்பதிகள் எதனால் ஒத்துப்போகிறார்கள், எதனால் பிரிகிறார்கள் என்று ஆராய்வது அவர் வேலை. பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டுமென்று என்னைச் சேர்த்துக்கொண்டார். தெரியாதவரிடம் வழி கேட்பதைவிடத் தொலைந்துபோவதே மேல் என்று நினைக்கிறவள் நான். அவர் சொன்ன விதி ஒன்றுதான்: கணவனிடமும் மனைவியிடமும் ஒரே கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஒருவர் பதிலை மற்றவரிடம் சொல்லக் கூடாது.

கிணற்றடி வரைக்கும்

சத்துவாச்சாரியில் ஒரு வீடு. மருமகளுக்கு என் வயதுதான் இருக்கும். உங்களுக்குள் சண்டை வருமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாமியார் வராது என்றார். மகனுக்குப் பிடித்த கறி எது, வீட்டில் யார் பேச்சு எடுபடும், எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார். தனியாகப் பேச வேண்டும் என்று மென்று விழுங்கிச் சொல்லி, மருமகளைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனேன். மாமியாருக்கும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் தேவைப்பட்டது.

மருமகள் பதில் சொன்னால்தான் எழுதிக்கொள்ள முடியும் என்று கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தேன். அந்த அம்மாள் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னார்: "அவளைக் கேட்டா அவளுக்கு இன்னாம்மா தெரியும்? பொண்ணு பார்த்துக் கட்டி வெச்சது நான்."

திரைக்கு உள்ளே

ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரி வீட்டுக்குப் பேராசிரியரும் வந்தார். அவர் முன்கூடத்தில் வியாபாரியோடு உட்கார்ந்துகொள்ள, திரையைத் தாண்டி நான் மட்டும் உள்ளே போனேன். இங்கே மாமியார் தொல்லை இல்லை. நான்கு பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, என் படிப்பு, என் தகப்பனார் உத்தியோகம், நான் காதில் ஒன்றும் பெரிதாகப் போடாத காரணம் என்று வரிசையாகக் கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

வீட்டு எஜமானி எனக்கு இன்னொரு கிளாஸ் சர்பத் ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நாங்க நிஜத்தைச் சொன்னா நீங்க கல்யாணமே வேணாம்னுடுவீங்க. பொய் சொன்னா வெளியே குந்தியிருக்கிற உங்க புரபசர் பேஜாராயிடுவாரு. இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

ஆவாரம்பட்டைக் குவியலுக்குப் பின்னால்

பேராசிரியருக்குப் பிரிந்து வாழும் தம்பதிகள் வேண்டும். பிரிந்தவர்கள் யாரும் பிரிந்ததை ஒப்புக்கொள்வதில்லை. புருஷன் வேலையாகப் போயிருக்கிறார் என்பார்கள். அலைந்து அலைந்து கடைசியில் ஒரே ஒரு ஜோடி அகப்பட்டது. ஏழுமலை ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவன். அவன் மனைவி பச்சையம்மா கோபித்துக்கொண்டு ஆலங்காயத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆடி கழிந்ததும் பஞ்சாயத்தைக் கூட்டிக் கல்யாணத்தை முறித்துத் தீர்த்துவிடுவதென்று அவள் வீட்டார் முடிவு செய்திருந்தார்கள். அப்போது ஆடி பாதி போயிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஷாப்புக்குப் போனேன். மற்றவர்கள் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை மட்டும் ஒரு சொம்பிலிருந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான். தோல் பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டைக் குவியலுக்குப் பின்னால் நின்று கேள்விகளைத் தொடங்கினேன். நானும் தரையைப் பார்த்தேன், அவனும் தரையைப் பார்த்தான். சண்டை எதனால் வந்தது என்று கேட்டதற்கு, தெரியல என்றான். வீட்டில் சோறு போடுவது யார் என்று கேட்டபோது சொம்பைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டான். குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவன், மாப்பிள்ளைக்கு இன்னொரு பொண்ணு பார்க்கிறாங்கடா என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை ஏழுமலை காத்திருந்தான். பிறகு, அவளிடமும் இதையேதான் கேட்பீர்களா என்று விசாரித்தான். ஆமாம் என்றேன். "அப்ப ஒண்ணு பண்ணுங்கம்மா," என்றான். "அவ இன்னா சொல்றாளோ அதையே எனக்கும் எழுதிக்குங்க."

ஆலங்காயத்தில் பாதிக் கேள்விகள்

வாணியம்பாடியில் பஸ் மாறி ஆலங்காயம் போய்ச் சேரும்போது எனக்குத் தலைவலி. பச்சையம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வாசற்படியை விட்டு நகரவில்லை. சத்துவாச்சாரிக்குப் பிறகு நானும் யாரையும் நகரச் சொல்வதை விட்டிருந்தேன்.

வீட்டில் சோறு போடுவது யார் என்ற கேள்விக்குத்தான் அவள் நிமிர்ந்தாள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர்களுக்கு விரலெல்லாம் வெடித்திருக்குமாம். குழம்பின் காரம் பட்டால் உயிர் போகுமாம். அதனால் இவளே பிசைந்து உருட்டி அவன் உள்ளங்கையில் வைப்பாள். ஒருநாள், உடன் வேலை செய்கிறவர்கள் வந்திருந்தபோது, பொண்டாட்டி உருட்டிக் கொடுத்தால்தான் இறங்குமா என்று கேலி செய்தார்கள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு, உன்னை யார் பிசையச் சொன்னது என்றான். இவள் அன்றைக்கே கிளம்பிவிட்டாள்.

எங்கள் பெண் இல்லாவிட்டாலும் மாப்பிள்ளைத் துரை இப்போது நன்றாகத்தானே தின்கிறார் என்று அவள் அம்மா என்னைக் கேட்டார். அவன் பதில்களை நான் சொல்லக் கூடாது. ஆனால் கண்ணால் பார்த்தது பதிலில் சேராது என்று எனக்குத் தோன்றியது. நான் போனபோது கூழ் குடித்துக்கொண்டிருந்தார் என்றேன்.

"கூழா?" என்றாள் பச்சையம்மா. "மத்தியானத்துக்குமா?"

ஆமாம் என்றேன். அவள் மடியில் இருந்த கடலையைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அம்மா திட்டுகிற சத்தமும் பெட்டி மூடுகிற சத்தமும் கேட்டன. அவள் துணி மூட்டையோடு வெளியே வந்தபோது, இன்னும் பாதிக் கேள்விகள் பாக்கி இருக்கின்றனவே என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அவள் நிற்கவில்லை.

"மீதியை ஆம்பூருக்கு வந்து கேளுங்கம்மா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

பாக்கிக் கேள்விகள்

பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிரிந்த தம்பதி என்று இருந்தது அந்த ஒன்றுதான் என்றார். எப்படியும் பாக்கிக் கேள்விகளை முடித்துவிட்டு வரச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆம்பூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பச்சையம்மா மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஏழுமலை என்னைப் பார்த்ததும், நீட்டியிருந்த கையை வெட்கத்தோடு பின்னுக்கு இழுத்தான். அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து உருண்டையை வைத்தாள். இருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், யாராவது ஒருவர் கொஞ்சம் வெளியே வர முடியுமா என்றேன்.

அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டே பச்சையம்மா சொன்னாள்: "தனியா கேட்டீங்கன்னா இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சோறு தீர்ற வரைக்கும் அப்படி குந்துங்க."

கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்டால்தான் உண்மை வரும் என்பது எங்கள் ஆராய்ச்சியின் விதி. கேட்கப் போகிறவளுக்குக் கால்வலிதான் வரும் என்று அதன் கீழே நான் சேர்த்துக்கொண்டேன்.