கூழாங்கல் ஆட்டத்தில் எனக்குக் கிடைத்த பதில்

எங்க மகள் இறந்தது ஐம்பத்தஞ்சாம் வருஷம் சித்திரை மாசம். அப்போ கிருஷ்ணகிரிக்குக் கிட்ட தென்பெண்ணையில அணை கட்டற வேலை நடந்துக்கிட்டிருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் மனுவேல் அங்க கொல்லுப் பட்டறையில இருந்தார். கல்லுடைக்கிறவங்களோட உளியையும் கடப்பாரையையும் காய்ச்சி அடிச்சுக் கூர் போட்டுக் கொடுக்கிற வேலை. நான் சித்தாள். ஜல்லி சுமந்தேன். வேலைக்காரங்களுக்குன்னு வரிசையாப் போட்டிருந்த தகரக் கொட்டகையில ஒண்ணு எங்க வீடு.

குழந்தைக்கு எட்டு மாசம். காலையில காய்ச்சல்னு இருந்துச்சு. மத்தியானம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. மாட்டு வண்டி கட்டிக்கிட்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி வழியில என் மடியிலேயே அடங்கிட்டா. வண்டிக்காரர் திரும்பிப் பாத்தார். மாட்டைத் திருப்பினார்.

சகோதர சகோதரிகளே, எம் பேரு எஸ்தர். இந்த ஓசூர்ல இப்படி உங்க முன்னால நின்னு பேசுவேன்னு நான் நெனச்சதில்ல. எனக்குக் கோர்வையாச் சொல்ல வராது. நடந்ததை நடந்தபடி சொல்றேன். பொறுத்துக்கோங்க.

அடக்கம் பண்ணி நாலாம் நாளே வேலைக்குப் போயிட்டேன். போகாம என்ன செய்யறது? அன்னையிலேர்ந்து எனக்கும் அவருக்கும் பேச்சு நின்னு போச்சு. சண்டையெல்லாம் இல்லீங்க. சண்டையா இருந்தாத் தேவலாம்னு கூட நெனச்சிருக்கேன். அவர் பட்டறையிலேர்ந்து வருவார். கை கழுவுவார். களியைப் போட்டு வெச்சாச் சாப்பிடுவார். சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவார். "உப்பு போதுமா?" "போதும்." அவ்வளவுதான் எங்க பேச்சு.

மத்தவங்களும் அப்படித்தான். என்னைப் பாத்தா பேச்சை மாத்துவாங்க. கைக்குழந்தைக்காரிங்க குழந்தையை முந்தானைக்குள்ள இழுத்துக்குவாங்க. நல்ல மனசுலதான் செஞ்சாங்க, எனக்கு வலிக்கக் கூடாதுன்னு. ஆனா என் மகள் பேரை ஒருத்தரும் வாயால சொல்லல. அப்படி ஒரு குழந்தை பொறக்கவே இல்லையோன்னு எனக்கே சந்தேகம் வர்ற அளவுக்கு ஆயிடுச்சு.

தூக்கம் போச்சு. கூடை தூக்கறப்ப கழுத்து நடுங்கும். ஆடி வந்துச்சு, ஆவணி வந்துச்சு, எனக்கு எல்லா நாளும் ஒரே நாளாத்தான் இருந்துச்சு. நான் பண்ணின ஜெபமெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். ஆண்டவரே, எனக்கு முடியல. என்னையும் எடுத்துக்கோ.

சனிக்கிழமை சாயங்காலம் ஞானமுத்து மேஸ்திரி கொட்டகையில ஜெபக்கூட்டம் நடக்கும். மேஸ்திரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர், பக்தியானவர். ஆனா ஜெபத்தை ஆரம்பிச்சா லேசுல முடிக்க மாட்டார். கூட்டத்துல பத்துப் பன்னெண்டு பேர் இருப்போம். பாதிப் பேருக்குத் தெலுங்கு, ரெண்டு மூணு குடும்பத்துக்குக் கன்னடம், மீதி எங்களை மாதிரி ராயக்கோட்டை, தருமபுரிப் பக்கத்து ஆளுங்க. பகல் பூரா வெயில்ல கல்லு சுமந்துட்டு வந்து உக்காந்தா, புரிஞ்சவங்களுக்கும் தூக்கம் வரும், புரியாதவங்களுக்கும் தூக்கம் வரும். ஆமென் சொல்லிட்டு எழுந்து போயிடுவோம். பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க பேரு கூடத் தெரியாது. போகலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்க, அதுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லாமதான் நான் போய்க்கிட்டிருந்தேன்.

ஆவணியில புதுசா ஒரு குடும்பம் வந்துச்சு. பாகலூர்க்காரங்க. புருஷன் மணல் வண்டி ஓட்டறவர். அவ பேரு சாரம்மா. என் வயசுதான் இருக்கும். வீட்டுல பேசறது கன்னடம். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும்.

வந்த ரெண்டாவது சனிக்கிழமையே மேஸ்திரி ஜெபத்துக்கு நடுவுல அவ குறட்டை விட்டுட்டா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. மேஸ்திரிக்குக் கோபம்.

"ஜெபம் பண்ணுத எடம்மா இது. தூங்கணும்னா வீட்டுல தூங்கு."

சாரம்மா எழுந்து உக்காந்து கண்ணைத் தொடச்சா. பயந்த மாதிரியே தெரியல. "தப்புதான் மேஸ்திரி. ஆனா நீங்க பேசறது எனக்கு அர்த்தமே ஆகல்ல. இந்த அக்கா பேரு தெரியல. அந்த அண்ணா யாருன்னு தெரியல. யாருக்கு என்ன கஷ்டம்னு தெரிஞ்சாதானே நானும் ஜெபம் மாட, ஜெபம் பண்ண முடியும்? எங்க ஊர்ல பொண்ணுங்க ஒரு ஆட்டம் ஆடுவோம். அதை ஆடினா ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சுக்கலாம்."

"வெளயாட்டா? ஆண்டவர் சந்நிதியில வெளயாட்டா?"

மேஸ்திரி சம்சாரம் ரத்தினம்மாள் அந்தக் கூட்டத்துல வாய் திறந்து நான் பாத்ததே இல்ல. அன்னிக்கு மெதுவாச் சொன்னாங்க. "ஜெபம் முடிஞ்ச பெறவு ஆடட்டுமே. ஒரு நாள் பாப்போமே."

ஆட்டம் இதுதாங்க. எல்லாரும் வட்டமா உக்காந்து கையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கணும். ஒரு கூழாங்கல்லை ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்குப் பின்னாலேயே மாத்திக்கிட்டே போகணும். ஒருத்தர் நடுவுல நிப்பாங்க. அவங்க கை தட்டினா கல்லு நிக்கணும். யார்கிட்ட இருக்குன்னு அவங்க சொல்லணும். சரியாச் சொல்லிட்டா, கல்லு வெச்சிருந்தவர் ஒரு கேள்விக்கு உண்மையாப் பதில் சொல்லணும். தப்பாச் சொல்லிட்டா நடுவுல நிக்கிறவரே பதில் சொல்லணும்.

முதல் நாள் ஒரே சிரிப்பு. கேள்வியெல்லாம் சும்மா கேள்விதான். உங்க ஊர் எது? எந்தக் குழம்பு பிடிக்கும்? சின்ன வயசுல யார்கிட்ட அடி வாங்கினே? யேசுபாதம்னு ஒரு தெலுங்குக்காரர், ஆளு மலை மாதிரி இருப்பார். "உனக்கு எதுக்குப் பயம்?"னு கேட்டாங்க. "தண்ணி"ன்னார். "ஆத்துல அணை கட்ட வந்துட்டு தண்ணிக்குப் பயமா?"ன்னு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் அவர் சொன்னார், கூடப் பொறந்த தம்பி கொளத்துல போயிட்டான்னு. சிரிப்பு அடங்கிடுச்சு. மேஸ்திரி உடனே தொண்டையைச் செருமிக்கிட்டு, "தம்பி, இதுல தேவ சித்தம் என்னன்னா"ன்னு ஆரம்பிச்சார்.

சாரம்மா கையை நீட்டித் தடுத்தா. "வேண்டாம் மேஸ்திரி. ஆட்டத்துல புத்தி சொல்லக் கூடாது. கேக்கணும், அவ்வளவுதான். புத்தி சொன்னா அப்புறம் யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க."

மேஸ்திரி வாயை மூடிக்கிட்டார். அடுத்த வாரம் அவரே மாட்டினார். "உங்களுக்கு எது பயம்?"னு யேசுபாதம் கேட்டார். மேஸ்திரி சொன்னார். "நான் ஜெபத்தை நிப்பாட்டினா இங்க ஒரே மௌனமா இருக்கும். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. அந்த மௌனத்துக்குத்தான் பயம். அதான் பேசிக்கிட்டே இருக்கேன்." அதைக் கேட்டு நான் அவரைப் புதுசாப் பாக்கற மாதிரி பாத்தேன்.

ஆனா நான் மாட்டல. கல்லு கைக்கு வந்தா நெருப்பைத் தொட்ட மாதிரி அடுத்தவங்க கையில தள்ளிடுவேன். எங்க வீட்டுக்காரர் ஆட்டத்துக்கே வர மாட்டார். கதவு ஓரமா உக்காந்து மண்ணைப் பாத்துக்கிட்டிருப்பார். எல்லாரும் சிரிக்கிறப்ப எனக்கு இன்னும் அசதியா இருக்கும்.

புரட்டாசி மாசம் ஒரு சனிக்கிழமை. மத்தியானத்தோட வேலை விட்டாங்க. நான் வீட்டுக்குப் போகல. கல்லு எடுத்த பழைய பள்ளம் ஒண்ணு இருந்துச்சு, மழைத் தண்ணி நெறஞ்சு கெடக்கும். அங்க போய் நின்னேன். எதுக்குப் போனேன்னு உங்களுக்கே தெரியும். அழுகை கூட வரல. அவ்வளவு அசதி.

அங்க நின்னுதான் கேட்டேன். "ஆண்டவரே, நான் உன்கிட்ட எம் மகளைத் திருப்பிக் கேக்கல. நீ இருக்கிறது மெய்யானா, எம் மகள் பேரை யாராவது ஒருத்தர் வாயால சொல்லட்டும். ஒரே ஒரு தடவை எங்காதுல விழட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

பதில் ஒண்ணும் வரல. மழைதான் வந்துச்சு. பெருசு பெருசாச் சொட்டு விழுந்துச்சு. வாசல்ல வெறகு காயப் போட்டிருந்தது ஞாபகம் வந்துச்சு. நனைஞ்சுட்டா அடுப்பெரியாது. அந்த நெனப்புல காலு தன்னால திரும்பிடுச்சு. அன்னிக்கு என்னைத் திருப்பினது அந்த வெறகுதான்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப அப்படி நெனக்கல.

வெறகை உள்ள தள்ளிட்டு ஈரப் புடவையை மாத்திக்கிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். மழை விடல. தகரத்து மேல அடிக்கிற சத்தத்துல மேஸ்திரி ஜெபம் பாதி கேக்கல. கதவு வழியா சாரல் உள்ள அடிச்சுது. எங்க வீட்டுக்காரர் உக்காந்த எடம் நனைஞ்சு போச்சு. "அண்ணா, உள்ள வாங்க"ன்னு இழுத்து வட்டத்துல உக்கார வெச்சுட்டாங்க. முதல் தடவையா ஆட்டத்துக்குள்ள வந்தார்.

நடுவுல நின்னது சாரம்மா. கை தட்டினா. சுத்திப் பாத்தா. எங்க வீட்டுக்காரரைக் காட்டினா. அவருக்குக் கல்லை மறைக்கவும் தெரியல, மாத்தவும் தெரியல. அப்படியே மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

சாரம்மா அவர் முன்னால உக்காந்தா. "அண்ணா, நான் இங்க வந்தது அப்புறமா. உங்களுக்கு ஒரு மகள் இருந்தாளாமே. அவ பேரு என்னன்னு யாரும் எனக்குச் சொல்லல்ல. என்ன பேரு?"

மேஸ்திரி கையைத் தூக்கினார், வேண்டாம்னு தடுக்கப் போனார். ரத்தினம்மாள் அவர் கையைப் பிடிச்சுக் கீழ இறக்கினாங்க.

எங்க வீட்டுக்காரர் கல்லை உள்ளங்கையில மூடிக்கிட்டார். அப்புறம் அவர் சொன்னார்.

"கிருபா."

அவர் நிறுத்தல. ஏதோ உடைஞ்ச மாதிரி பேசிக்கிட்டே போனார். "கிருபாமணின்னு பேரு வெச்சோம். நான் கிருபான்னு கூப்பிடுவேன். பட்டறையில சம்மட்டிச் சத்தம் கேட்டா அழாது. சிரிக்கும். நான் வீட்டுக்கு வந்தா என் கட்டை விரலைப் பிடிச்சுக்கும், விடாது. உலையில சுட்டுக்கிட்ட இந்த விரலை. கிருபா செத்த அப்புறம் நான் பேரைச் சொன்னா எஸ்தர் ஒடிஞ்சு போயிடுவான்னு நெனச்சேன். அதான் சொல்லல. பட்டறையில ஆள் இல்லாதப்ப சொல்லிப் பாத்துக்குவேன். உலை முன்னால உக்காந்து சொல்லிக்குவேன்."

நான் கத்தி அழுதேன். வண்டியில கூட அப்படி அழல. ரத்தினம்மாள் என் தலையை மடியில வெச்சுக்கிட்டாங்க. யாரும் அழாதேன்னு சொல்லல. யாரும் புத்தி சொல்லல. அவர் எழுந்து வந்து எம் பக்கத்துல உக்காந்தார்.

"ஏங்க, நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்"னேன்.

"எப்படி மறப்பேன்?"னார்.

மத்தியானம் பள்ளத்துக்கிட்ட நான் கேட்டது யாருக்கும் தெரியாது. சாரம்மாவுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதைக் காதுல வாங்கினவர் ஆண்டவர் ஒருத்தர்தான். ஒரு தடவை போதும்னு கேட்டேன். அந்தச் சாயங்காலம் என் மகள் பேரை எத்தனை பேர் வாயால கேட்டேன் தெரியுமா? யேசுபாதம் அவ பேரைச் சொல்லித் தெலுங்குல ஜெபம் பண்ணினார். சாரம்மா கன்னடத்துல பண்ணினா. மேஸ்திரி கடைசியாப் பண்ணினார். "ஆண்டவரே, கிருபாவோட அம்மாவையும் அப்பாவையும் பாத்துக்கோ." அவ்வளவுதான். அதுக்கு மேல அவரால பேச முடியல. அன்னிக்கு நான் படுத்ததும் தூங்கிட்டேன். மறுநாள் ஆராதனைக்கு அவர்தான் எழுப்பினார்.

ஆராதனை முடிஞ்சதும் பொம்பளைங்க எல்லாரும் என் கூட அடக்கம் பண்ணின எடத்துக்கு வந்தாங்க. பள்ளத்துக்குப் போனதை அங்க வெச்சுத்தான் அவங்ககிட்டச் சொன்னேன். அப்புறம் ஒரு மாசத்துக்கு அவங்க என்னைத் தனியா விடவே இல்ல. ஒருத்தி மாத்தி ஒருத்தி வேலைக்குக் கூட நடப்பாங்க, வீட்டுக்குக் கூட வருவாங்க. சாரம்மா ராகிக் களி கொண்டாந்து முன்னால உக்காந்து சாப்பிட வைப்பா.

கஷ்டமெல்லாம் அன்னியோட தீந்துடுச்சுன்னு சொன்னா அது பொய் சாட்சி. எங்களுக்கு வேற குழந்தை இல்ல. அதுக்கும் ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம். அணை வேலை முடிஞ்சு எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு இங்க ஓசூர்ல லாரிப் பட்டறையில வேலை கிடைச்சுது, வந்துட்டோம். இப்பவும் சில நாள் காலையில எழுந்திருக்க முடியாது. சித்திரை மாசம் வந்தா ரெண்டு பேருக்கும் சோறு இறங்காது. ஆனா ரெண்டு பேரும் பேசிக்கிறோம். எனக்கு முடியலைன்னா முடியலைன்னு சொல்றேன். அவர் அடுப்பு பத்த வைக்கிறார். அணையில எங்க கூட இருந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் என்ன பாரம்னு எனக்குத் தெரியும். தெனமும் அவங்க பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். முன்னால எனக்கு ஜெபிக்க ஒரே ஒரு வார்த்தைதான் இருந்துச்சு.

இங்க வந்திருக்கிறவங்கள்ல என்னை மாதிரி களைச்சுப் போய் உக்காந்திருக்கிறவங்க இருப்பீங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. பெரிய ஜெபம் வரலைன்னா விட்டுடுங்க. உங்களுக்கு உள்ளபடி என்ன வேணுமோ அதை ஆண்டவர்கிட்டச் சொல்லுங்க. அற்பமா இருந்தாலும் சொல்லுங்க. அவர் கேக்கறார், எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுல கூடுறோம். லாரிப் பட்டறைக்குப் பின் சந்துல, கிணத்துக்குப் பக்கத்து வீடு. ஜெபம் சின்னதாத்தான் இருக்கும். அப்புறம் வட்டமா உக்காந்து ஆடுவோம். எந்த பாஷை பேசறவங்களா இருந்தாலும் வாங்க. பேச வரலைன்னாலும் பரவாயில்ல, வந்து உக்காருங்க. நாங்க கேக்கறோம்.