உபரிப் பிரதி

முப்பத்தோரு வருடம் நான் பார்த்த உத்தியோகம் காகிதங்களுக்குக் காவல் இருப்பது. பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் ஆவண அறை என் பொறுப்பு. அங்கே ஒவ்வொரு நகலுக்கும் எண் உண்டு. தேவைக்கு மேல் ஒன்று இருந்தால் அதற்கு உபரிப் பிரதி என்று பெயர். சாட்சி நிற்க அதை எரித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிரதி என்றால் பத்திரம், இரண்டு என்றால் எங்கோ ஓட்டை. இது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போன பாடம். ஓய்வு பெற்று, இந்தத் தெலுங்கு ஊரிலேயே மல்லாபூர்ப் பக்கம் ஃப்ளாட்டுக்குக் குடிவந்த பிறகும் புத்தி மாறவில்லை. ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போனால், கடையில் சரியாக விழாத தாளையும் கேட்டு வாங்கி, கிழித்துப் பையில் போட்டுக்கொண்டுதான் வருவேன்.

என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழைய குரல் திரும்பாது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். இடையில் கிடைத்த மூன்று வாரமும் அவள் செல்போனை எதிரில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். செய்தித்தாளை வாசித்தாள். சொதிக்குப் பக்குவம் சொன்னாள். புனேயில் இருக்கும் மகளை "ஏட்டி" என்று கூப்பிட்டுத் திட்டினாள். என்மேலும் எரிந்து விழுந்தாள். எல்லாம் அப்பட்டமான திருநெல்வேலித் தமிழ். நான் அத்தனையையும் ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றினேன், செல்போனில் இருந்ததை அழித்தேன், டிஸ்கை பீரோவில் வைத்துப் பூட்டினேன். இப்போது அவள் பேசினால் காதை வாயருகே கொண்டுபோக வேண்டும். காற்றுதான் வரும், அதிலிருந்து சொல்லைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு வருடம் கழித்து அவளுடைய தையல் மெஷின் டிராயரில் ஊசி தேடியபோது ஒரு பென் டிரைவ் அகப்பட்டது. கம்ப்யூட்டரில் செருகினேன். அவள் குரல்! எனக்குத் தலைக்கேறிவிட்டது. யார் எடுத்தது, எந்தக் கடையில் எடுத்தது, கடைக்காரன் தனக்கு ஒன்று வைத்துக்கொண்டானா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். சுத்தியலை எடுத்து, பால்கனித் தரையில் வைத்து, அதைப் பொடிப்பொடியாக உடைத்தேன். அதுகூடப் பரவாயில்லை. அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் சாட்சியாக நிற்க வைத்தேன். பேசாமல் நின்றாள். சம்மதம் என்று நினைத்தேன். பேசக் குரல் ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த வருடம் எங்கள் கல்யாண நாளன்று அந்தக் குரலைப் போட்டுக் கேட்கலாமென்று டிஸ்கை எடுத்து மாட்டினேன். டிக், டிக், டிக். திரையில் ஒன்றும் வரவில்லை. பழைய கடிகாரம் மாதிரி அது அடித்துக்கொண்டே கிடந்தது.

முதலில் வேலைக்காரம்மாவைச் சந்தேகப்பட்டேன். பீரோவைத் துடைக்கும்போது இடித்திருப்பாள். அடுத்துக் கீழ்வீட்டுத் தெலுங்கு அம்மா. இவளைப் பற்றி எனக்குப் பல வருடச் சந்தேகம். நான் வெளியே போகிற நாளாகப் பார்த்து மாடிக்கு வருவாள். நான் திரும்பும்போது, போவன்பள்ளி மார்க்கெட்டில் வாங்கினேன் என்று ஒரு கட்டுக் கறிவேப்பிலையைக் காட்டிவிட்டு இறங்கிப் போவாள். கறிவேப்பிலை கொடுக்க ஒரு மணி நேரமா?

அமீர்பேட்டில் கோச்சிங் சென்டர் போர்டுகளுக்கு நடுவே, மூன்றாம் மாடியில், செத்த டிஸ்கிலிருந்து தகவல் மீட்கும் கடை ஒன்று இருந்தது. அதை நடத்துவது முப்பது வயதுப் பெண். டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டதுமே, உள்ளே படிக்கிற முள் போய்விட்டது, தூசி இல்லாத அறையில் திறந்து மாற்ற வேண்டும், விட்டுவிட்டுப் போங்கள் என்றாள்.

"விட்டுட்டுப் போறதா? இங்கேயே உட்கார்றேன்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்.

"ஒரு வாரம் ஆகும் சார்."

"ஆகட்டும்."

அவள் சிரித்தாள். "டென்ஷன் நக்கோ சார். உங்க வீட்டு விஷயம் எங்களுக்குக் கைக்கு?" இந்த ஊர் ஹிந்தியில் நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு.

ஆனாலும் தினமும் மெட்ரோ பிடித்துப் போய், கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வயர் எதையாவது செருகுகிறாளா, நம் டிஸ்கை மாற்றிவிடுகிறாளா என்று ஒரே கவலை. யார் கைபட்டுக் கெட்டது என்று ஒருநாள் கேட்டேன். "யாரும் தொட வேண்டாம் சார். பூட்டி வெச்சாலும் தானா போகும்" என்றாள். நான் நம்பவில்லை.

எட்டாம் நாள் உள்ளே கூப்பிட்டாள். திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்திருந்தன. சொதி. செய்தித்தாள் ஒன்று. செய்தித்தாள் இரண்டு. திட்டு. எல்லாம் நான் வைத்த பெயர்கள். ஒவ்வொன்றாக அழுத்தினாள். எதுவும் திறக்கவில்லை. தட்டில் கீறல் விழுந்துவிட்டதாம், பெயர் இருந்த இடம் தப்பியது, குரல் இருந்த இடம் போய்விட்டது. பதிவேடு பத்திரமாக இருந்து கோப்புகள் எரிந்துபோன மாதிரி. நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு, "வேற காப்பி இல்லையா சார்? முக்கியமானதை மூணு இடத்துல வைக்கணும். வீட்ல ஒண்ணு, வேற ஊர்ல ஒண்ணு, நம்பிக்கையான ஆள்கிட்ட ஒண்ணு" என்றாள். உடைத்துப் போட்ட கதையை அவளிடம் எப்படிச் சொல்வது?

கீழே இறங்கி, புத்தி வந்தவன் போல இரண்டு புது ஹார்டு டிஸ்க் வாங்கினேன். அதில் வைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது மெட்ரோவில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

வீட்டில் பையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். உன் குரலைத் தொலைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் பையைப் பிரித்துப் பார்த்தாள். டப்பாக்களை எடுத்து அருகருகே வைத்தாள். என்னைக் குனியச் சொன்னாள்.

"ரெண்டு வாங்கியிருக்கீயளா?"

"ஆமா. இனிமே ரெண்டு இருக்கட்டும்."

அவள் மூன்று விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். "மககிட்ட ஒண்ணு. பாளையங்கோட்டையில எங்க அண்ணன்கிட்ட ஒண்ணு. கீழ்வீட்டுல ஒண்ணு. போன்ல இருந்ததை அழிக்கதுக்கு முந்தி, நீங்க பென்ஷன் ஆபீஸ் போன அன்னைக்கு அந்தம்மா லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து எடுத்துக் குடுத்தாவ. நீங்க உடைச்சது நாலாவது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே கோபமும் வந்தது. "எட்டு நாளா நாயா அலைஞ்சேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா அதையும் தேடிப்போய் உடைச்சிருப்பீய."

போன வாரம்வரை உடைத்திருப்பேன்தான். உலகத்தில் உள்ள அத்தனை பேரிடமிருந்தும் அவள் குரலை நான் காத்தேன். அவள் என் ஒருவனிடமிருந்து காத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் என்னைக் கீழே அழைத்துப் போனாள். "ரண்டி அன்னய்யா", வாங்க அண்ணா, என்று தெலுங்கில் வரவேற்றுக் கதவைத் திறந்த அந்த அம்மா, காபி கொடுத்துவிட்டு லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி, பதிவை ஓடவிட்டாள்.

"ஏங்க, பூட்டை எத்தனை தடவைதான் இழுத்துப் பாப்பீய? கள்ளனே கண்டா சலிச்சுப் போவான். வாங்க, சோறு ஆறுது!"

என் மனைவியின் பழைய குரல் கணீரென்று அந்த வீடு முழுக்கக் கேட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாள்.

மாடிப்படியில் ஏறும்போது, "எனக்கும் ஒரு காப்பி தருவியா?" என்று கேட்டேன். கைப்பிடியைப் பிடித்தபடி நின்று யோசித்தாள். நான் குனிந்தேன்.

"இப்போதைக்கு வேண்டாம். இங்கயே வந்து கேட்டுக்கிடுங்க."

இரண்டு டிஸ்கும் உறைகூடப் பிரிக்காமல் மேசைமேல் கிடக்கின்றன. நான் தினமும் சாயங்காலம் கீழே போய் அழைப்புமணியை அடிக்கிறேன்.