குறைந்துபோன நான்கு மில்லிமீட்டர்

மின்சார அலுவலகத்தில் அவரை 'டார்ச்' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். மீட்டர் முத்திரையை யாராவது உடைத்து ஒட்டவைத்திருக்கிறார்களா என்று பட்டப்பகலிலும் டார்ச் அடித்துப் பார்ப்பார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் போதும், இங்கே ஏதோ இருக்கிறது என்று மீட்டர் பெட்டியை இன்னொரு தடவை திறப்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு பல் டாக்டரம்மா பன்னிரண்டு பாட்டில் வெள்ளை ஒயின் கொடுத்தார். வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாடு கிளம்பியவர் அவர்.

"இருட்டா, குளிர்ச்சியா இருக்கிற இடத்துல படுக்க வச்சிடுங்க. பத்து வருஷம் தொடாதீங்க."

"வெள்ளை ஒயினை வாங்கின கையோட குடிச்சிடணும்னு சொல்றாங்களே?"

"எல்லாத்தையும் இல்லைங்க. இது காத்திருக்கிற ரகம்."

அன்று மாலையே அந்த வீட்டு மீட்டரை மறுபடி போய்ப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டாரோ என்று ஒரு வாரம் தூக்கமில்லை.

இருந்தாலும் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியைக் காலி செய்து பாட்டில்களை அடுக்கினார். அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் நிமிர்த்திவைத்து, ஒயின் நிற்கும் மட்டத்தில் கழுத்தைச் சுற்றி மெல்லிசாகக் கறுப்புக் கோடு போட்டார். பிறகு பூட்டு. தினமும் பூட்டை மட்டும் இழுத்துப் பார்ப்பார்.

ஒன்பதாவது வருடம் படிக்குக் கீழே போகும் குழாய் கசிந்தது. பாட்டில்களை வெளியே எடுத்துக் கூடத்தில் நிறுத்தினார். பன்னிரண்டிலும் ஒயின் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தார். நான்கு மில்லிமீட்டர். எலுமிச்சைச் சாறு மாதிரி வெளுப்பாக இருந்தது இப்போது தேய்த்த பித்தளை நிறத்தில் இருந்தது. போதாததற்கு, மூன்று பாட்டில்களில் சர்க்கரைத் துகள் போல ஏதோ மினுங்கியது.

அலமாரியின் மாற்றுச் சாவி அடுக்களை ஆணியில் தொங்கும். பின்னறையில் நாலு வருடமாக மனைவியின் தம்பி இருக்கிறான். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அவன் மேஜையில் ஊசி மாட்டிய சிரிஞ்ச் ஒன்றை இவர் பார்த்திருக்கிறார்.

"அந்த ஊசி எதுக்கு?"

"பிரிண்டருக்கு மை ஏத்துறதுக்கு மாமா."

"மை மட்டுந்தானா? கார்க் வழியா ஒயினை உறிஞ்சிட்டு டீத்தண்ணிய ஏத்தியிருக்க. சர்க்கரைகூடக் கரையல, பாரு."

மைத்துனன் முதலில் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் சுருங்கிப்போனது. "ஏன் மாமா, ஒரு கிளாஸ் கேட்டா கொடுத்திருக்க மாட்டீங்களா? திருடணுமா நான்?"

"கேட்டா கொடுத்திருக்க மாட்டேன். அது உனக்கும் தெரியும்."

மறுநாள் காலையில் இரண்டு பையையும் பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு அவன் போய்விட்டான். மனைவி இவருக்குச் சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆதாரம் கெட்டியாக இருந்தால் அவளும் ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தார். ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைத்தெருவில் இருந்த ஒயின் கடைக்குப் போனார். கடைக்காரம்மா கார்க்கைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"ஓட்டை எதுவும் இல்லையே. இத்தனை வருஷத்துல கார்க் வழியா கொஞ்சம் ஆவியாப் போகத்தான் செய்யும்."

"நிறம்?"

"சிவப்பு வயசானா வெளுக்கும், வெள்ளை வயசானா கறுக்கும். அந்தத் துகள் புளிப்பு உறைஞ்சது. குளிர்ல படியும். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. திறக்கட்டுமா?"

"நீங்க முதல்ல குடிங்க," என்றார்.

அந்தம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், அப்படியே நின்றார். இவருக்குப் பயம் வந்துவிட்டது. "என்னாச்சு?"

"பேசாம இருங்க கொஞ்ச நேரம்."

பிறகு இவரும் குடித்தார். தேன் வாசனை தூக்கலாக வந்தது, நாக்கில் இனிப்பே இல்லை. எங்கே போயிற்று என்று இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். வறுத்த பாதாம், எலுமிச்சைத் தோல், கூடவே மெழுகு மாதிரி ஒன்று. விழுங்கிய பிறகும் ருசி போகவில்லை.

"மீதியை எனக்கே கொடுத்துடுறீங்களா?" என்று கடைக்காரம்மா கேட்டார். அந்தம்மா அதுவரை சொன்னதிலெல்லாம் இவருக்கு அரை மனதுதான். இந்தக் கேள்விக்குப் பிறகுதான் முழுசாக நம்பினார்.

"கொடுக்க முடியாது," என்று மிச்சத்தைக் கார்க் போட்டு எடுத்துக்கொண்டு நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். மைத்துனன் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். வாயில் வேறு வந்தது.

"கார்க்குல ஓட்டை இல்ல."

"கடையில காட்டினீங்களா?"

"ஆமா."

"அப்போ கார்க்கைத்தான் நம்புறீங்க. என்னை இல்ல."

இவர் வண்டியின் மறுபக்கக் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொடுத்தார். "சனிக்கிழமை வீட்டுக்கு வாப்பா. உங்கக்கா என்கூடப் பேசவே மாட்டேங்குறா."

வந்தான். மூன்று கிளாஸில் ஊற்றினார். ஐஸ் போடவில்லை, போட்டால் வாசனை செத்துவிடும் என்று கடைக்காரம்மா சொல்லியிருந்தார். மைத்துனன் கிளாஸைத் தொடவில்லை.

"முதல்ல நீங்க குடிங்க மாமா."

மனைவி குபீரென்று சிரித்துவிட்டாள். அவர் குடித்துக் காட்டினார். அப்புறம் அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏங்க, இதைப் பூட்டிவச்சு யாருக்குக் கொடுக்கப் பார்த்தீங்க?" என்றாள்.

அவன் திரும்பிக் குடிவரவில்லை. வேலைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டான். ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை வருவான், ஒரு பாட்டில் திறப்பார்கள்.

ஐந்தாவது பாட்டில் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். அக்காவும் தம்பியும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"கார்க் சரியில்ல போலிருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்து போய் எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டினார். கிளாஸ்களைக் கழுவி இன்னொரு பாட்டிலைக் கொண்டுவந்தார்.

கெட்டுப்போன அந்தக் கார்க்கை மட்டும் யாரும் பார்க்காதபோது, பிறகு டார்ச் அடித்துப் பார்க்கலாமென்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.