குல்லாப்பூ மாஸ்டர்

மாஸ்டர் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிட்டது. சங்கீதமோ கணக்கோ சொல்லிக்கொடுத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார், அவ்வளவுதான். ஸ்கூல் என்றால் ஓர் அறை, சாலைக் குறிகள் ஒட்டிய ஓர் அட்டை, தூக்கிப் பிடித்துச் சாத்தினால்தான் மூடுகிற கதவுள்ள ஒரு பழைய கார். அந்தக் காரில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியில் இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்தான் மனிதரைக் கெடுத்தது. காரில் மட்டும் அமுக்கியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? போகிற இடமெல்லாம் அமுக்கினார். யாராவது பேச வாயெடுத்தால் பாதியில் நிறுத்துவார். காய்கறிக் கடைக்குப் போனால் கடைக்காரருக்கே தராசு பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவார்.

இந்தக் கூத்தையெல்லாம் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் அவருடைய தங்கை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கொதிக்கிற தொட்டி, நீராவி, மலை மலையாய்ப் படுக்கை விரிப்புகள். ஒருமுறை வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில் மேற்பார்வை வேலை தேடி வந்தது. "தனியாப் போய் அங்க என்னத்தைக் கிழிக்கப்போறே?" என்று அண்ணன் ஒரே அமுக்கு அமுக்கினார். இவளும் நின்றுவிட்டாள். அந்த ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை. அண்ணன் மேல் பாதி, வாயை மூடிக்கொண்டிருந்த தன் மேல் பாதி. அண்ணி காலமான பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அண்ணன் பேசிக்கொண்டே இருப்பார். தங்கை மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே சமைப்பாள்.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் பூப்பைத்தியம் பிடித்தது. அது பிடித்த கதையை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாராம். திடீரென்று ஏதோ ஓர் உணர்வு அவரை அழைத்ததாம். இறங்கிப் பார்த்தால் பாறை இடுக்கில் யாரும் கண்டிராத ஒரு பூவாம். உணர்வாவது மண்ணாவது! முதல் நாள் கல்யாண விருந்தில் மூக்குப்பிடிக்கத் தின்றதில் வயிறு கலங்கி, பாறை மறைவைத் தேடி ஓடினார். குந்தின இடத்தில் மூக்குக்கு நேரே பூ இருந்தது. இது தங்கைக்கு எப்படித் தெரியும் என்றால், அன்றைக்கு அந்தப் பேன்ட்டைத் துவைத்தவள் அவள்தான்.

பூ என்னவோ நல்ல பூதான், பொய் சொல்லக்கூடாது. தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் கருநீலப் பூ. ஐந்து இதழுக்கும் பின்னால் ஐந்து குட்டி வால். கவிழ்த்துப் பார்த்தால் கோமாளி போடுகிற குல்லா மாதிரி இருக்கும். அதனால் தெருவில் அதற்குக் குல்லாப்பூ என்று பெயர் விழுந்தது. மாஸ்டருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. எங்கேயோ ஒரு புத்தகத்தைப் புரட்டி, அது கொலம்பைன் என்றும், பட்டர்கப் குடும்பத்துப் பூ என்றும், காட்டுச்செடியில் இருந்து தோட்டத்துக்கு வந்த ஜாதி என்றும் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். கிளட்சை விடத் தெரியாமல் வியர்த்து வழிகிறவர்களிடம் பட்டர்கப் குடும்பத்தின் பெருமையை எடுத்துவிடுவார். பாவம், அவர்கள் லைசென்ஸ் கிடைத்தால் போதும் என்று தலையாட்டுவார்கள்.

மலையில் இருந்து தோண்டிவந்த செடி பிழைக்கவில்லை. வேர் காரட் மாதிரி ஆழமாக இறங்கியிருந்ததைப் பாதியில் ஒடித்துக்கொண்டு வந்தால் எந்தச் செடிதான் பிழைக்கும்? ஆனால் அதில் முற்றின காய் ஒன்று இருந்தது. கருப்பு எள்ளுக்கு எண்ணெய் தடவினது போல மினுமினுக்கிற விதைகள். மண்ணில் தூவினார். குளிர்காலம் முழுக்க ஒன்றும் காணோம். விதை செத்துப்போச்சு என்று தங்கை சொன்னாள். குளிர் விட்டதும் கொத்தமல்லி போல இலை விட்டுக்கொண்டு குபுகுபுவென்று முளைத்தது. அதோடு மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் இருந்து சுவர் வரைக்கும் பாத்தி கட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் மாஸ்டர் இல்லையே. நர்சரியில் பளபளக்கிற படம் போட்ட விதைப் பொட்டலம் ஒன்றைப் பார்த்தார். அதுவும் கொலம்பைன்தான், ஆனால் சீமாட்டி ஜாதி: உள்ளங்கை அகலப் பூ, ரோஸும் மஞ்சளும், வானத்தைப் பார்த்து நிமிர்ந்த முகம், அம்பு மாதிரி நீட்டமான வால். வாங்கிவந்து அதே பாத்தியில் நடுநடுவே தூவிவிட்டார். "பக்கத்துல நல்லதைப் பார்த்தாத்தான் இதுக்கும் ரோஷம் வரும்," என்றார். செடிக்கு ரோஷமாம்! வண்டுக்கு எது மலைச்சாதி, எது கடைச்சாதி என்று தெரியுமா? இதில் குடித்துவிட்டு அதில் போய் உட்கார்ந்தது. அடுத்த தலைமுறை கலந்து பிறந்தது.

வருஷா வருஷம் பூத்ததும் மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாத்தியைச் சுற்றுவார். பெரிசாய், நிமிர்ந்து பூத்தது எல்லாம் பாஸ். சின்னதாய், குனிந்து, கருநீலத்தில் பூத்தது எல்லாம் ஃபெயில், பிடுங்கி எறி. வேர் உள்ளேயே ஒடிந்து நின்றால் திரும்பத் துளிர்க்கும் என்பதால் அந்தக் குழியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றவேண்டும். ஊற்றுகிற வேலை தங்கைக்கு. ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் வெந்நீரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, வீட்டிலும் கெட்டிலைத் தூக்கவேண்டும். இப்படியே போய்க் கடைசியில் பாத்தி முழுக்க ரோஸும் ஊதாவுமாய்த் தளதளவென்று நின்றது. அதைக் காட்டி, "இது ஒரிஜினல் மலைப்பூ. கலப்படமே கிடையாது," என்று மாஸ்டர் மார்தட்டுவார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். ஆனால் கைவிட்டது அவருக்கே தெரியாது; மலைப்பூவுக்குத்தான் ரோஷம் வந்து நிமிர்ந்துவிட்டது என்று நம்பினார். உண்மையைச் சொன்னால் தங்கைக்கும் தெரியாது. அவளுக்குப் பூ என்றால் வெந்நீர் ஊற்றுகிற வேலை, வேறென்ன?

இதற்கிடையில் மலையில் கல்குவாரி வந்தது. பாறையை வெடிவைத்துப் பெயர்த்தார்கள். இடுக்கே இல்லாமல் போன பிறகு இடுக்கில் பூக்கிற பூ எங்கே போகும்?

அப்போதுதான் அந்த மேடம் கார் ஓட்டப் பழக வந்தார். அரசாங்கத் தாவரப் பூங்காவில் ஆராய்ச்சி செய்கிறவர். தலையெல்லாம் நரைத்த வயசில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டுவார். மாஸ்டர் வழக்கம்போல மலைப்பூ புராணத்தை ஆரம்பித்தார். மேடம் வண்டியை நடுரோட்டில் நிறுத்தியேவிட்டார்.

"அந்த மலையில இருந்தா எடுத்தீங்க? குவாரி வர்றதுக்கு முன்னாடியா?"

"பின்ன என்ன? முதல்ல வண்டியை ஓரங்கட்டுங்க."

"சார், அந்தப் பூவை நாங்க எவ்வளவு தேடிட்டோம் தெரியுமா? இப்ப எங்கயுமே இல்லை. உங்க வீட்டுல இருந்தா அதுதான் கடைசி. அதுல விதை எடுத்துத் திரும்ப மலையில நட்டுடலாம்."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனா இலையை வச்சு எதுவும் சொல்ல முடியாது சார். எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும். பூ வந்தப்புறம் அதோட வாலைத்தான் பார்க்கணும். அந்த மலைப்பூவுக்கு வால் எப்படி இருக்கும்னா..."

"எனக்கேவா? கியரைப் பாருங்க மேடம், கியரை!" என்று மேடத்தின் பேச்சுக்குப் பிரேக்கை அமுக்கினார்.

மேடம் வாயை மூடிக்கொண்டார். இறங்கும்போது மட்டும், "நான் வர்ற வரைக்கும் பாத்தியில எதையும் தொடாதீங்க, இருக்கிறபடியே இருக்கட்டும்," என்றார். விருந்தாளி, எனக்காக எதுவும் சமைக்காதீங்க என்று சொன்னால் அடுப்பைப் பற்றவைக்காமலா இருக்கிறோம்? மாஸ்டர் இதையும் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டார்.

பூ வரும்வரை மாஸ்டருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மலையடிவாரத்தில் பலகை வைப்பார்களாம், அதில் தன் பெயர் இருக்குமாம். புதுச்சட்டை தைத்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று, "ஒரு சாதாரண மனுஷன் நான்," என்று பேசிப் பழகினார். கேட்ட தங்கைக்குக் குமட்டியது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பலகை விஷயம் அவளையும் உள்ளுக்குள் அரித்தது. இத்தனை காலம் இந்த வீட்டில் நின்றுபோனதற்கு உருப்படியாய் ஒன்றாவது மிஞ்சட்டுமே என்று நினைத்தாள். நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேடம் வருகிற அன்று விடிந்ததுமே மாஸ்டர் பாத்தியில் இறங்கிவிட்டார். சுவர் ஓரத்தில், வரிசைக்கு வெளியே, ஏழெட்டுச் செடி குட்டையாய்க் கருநீலத்தில் பூத்துத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன.

"பாரு, இழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்குது. இதை வச்சுக்கிட்டா அந்தம்மாவுக்குக் காட்டுறது?" என்று பிடுங்கி எறிந்தார். "தண்ணி கொதிச்சுதா?"

"எதையும் தொடாதேன்னு அவங்க சொன்னதா நீதானேண்ணா சொன்னே?"

"சொல்லுவாங்க. நாமதான் பார்த்துச் செய்யணும். ஊத்து."

ஊற்றினாள். எதிர்த்துப் பேசி மூச்சை வீணாக்குவானேன் என்று ஒவ்வொரு குழியிலும் நிதானமாக ஊற்றினாள்.

மேடம் வந்தார். காபி வேண்டாம் என்றார், உட்காரக்கூட இல்லை. நேராகப் பாத்திக்குப் போய், சட்டைப்பையில் இருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பூவாய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாஸ்டர் பின்னாலேயே போய், "கலப்படமே கிடையாது," என்று ஓதிக்கொண்டிருந்தார். போகப்போக மேடத்தின் நடை மெதுவானது. கடைசிச் செடிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"சார், இது எல்லாமே கலப்பு."

"என்னது?"

"வாலைப் பாருங்க. நீட்டமா, நேரா இருக்கு. மலைப்பூவுக்குக் குட்டை வால், நுனி உள்பக்கமாச் சுருண்டிருக்கும், மீன் பிடிக்கிற தூண்டில் முள் மாதிரி. பூ நிமிராது, குனிஞ்சேதான் இருக்கும். அதைத்தான் அன்னிக்கு வண்டியில சொல்ல வந்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "சில செடி தன் மகரந்தத்துலயே காய் பிடிச்சு, கலக்காம அப்படியே வந்திருக்கலாம். சின்னதா, கருநீலமா, குனிஞ்சு பூக்கிறது ஏதாவது இங்க முளைக்குமா?"

மாஸ்டர் புதுச்சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். தங்கைதான் சுவர் ஓரத்துக் குவியலைக் கைகாட்டினாள்.

மேடம் குனிந்து ஒன்றை எடுத்தார். காலையில் பிடுங்கியது, வெந்நீர் தெறித்துத் துவண்டு கிடந்தது. பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. ஐந்து வாலும் உள்ளே சுருண்டிருந்தன. மேடம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இதுதான்," என்றார். "காய் எதுவும் பிடிக்கலை, இப்பதான் பூத்திருக்கு. வேராவது மண்ணுக்குள்ள இருக்கா?"

"வெந்நி ஊத்தியாச்சு," என்றார் மாஸ்டர். சொன்னதோடு நிறுத்தினாரா? கையை நீட்டினார். "இவதான் ஊத்துனா."

தங்கைக்கு உச்சந்தலை பற்றியெரிந்தது. "ஊத்துன்னு சொன்னது யாரு? பிடுங்குனது யாரு? அந்தம்மா சொல்ல வந்ததைக் காது கொடுத்துக் கேக்காதது யாரு? உன் வாயை ஒரு நிமிஷம் மூடியிருந்தா அந்த மலைக்கு அதோட பூ திரும்பக் கிடைச்சிருக்கும்ல? நீயெல்லாம் ஒரு மாஸ்டர்! தூ!"

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மேடம் துவண்ட பூக்களைப் பொறுக்கிக் காகிதத்துக்குள் வைத்துக்கொண்டார். உலர்த்தி அட்டையில் ஒட்டிவைக்கலாமாம், இப்படி ஒரு பூ இருந்தது என்பதற்கு அடையாளமாக. யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வர்றேன் சார்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

மாஸ்டர் புதுச்சட்டையோடு சேற்றில் உட்கார்ந்தார். முதல் குழிக்குள் கையை விட்டுத் துழாவினார். அப்புறம் அடுத்த குழி. நகக்கண்ணெல்லாம் மண். இந்த மனிதன் ஒருநாளாவது மூக்கு உடைபட்டு நிற்கமாட்டானா, நான் கண்குளிரப் பார்க்கமாட்டேனா என்று எத்தனை வருஷமாய்த் தங்கை காத்திருந்தாள்! இதோ நிற்கிறது அந்த நாள். சிரிப்பு வரவில்லை. ஊற்றினது அவள் கைதானே. வேண்டாம் என்று கெட்டிலைக் கீழே வைத்திருக்கலாம், கெட்டிலை வைக்க யாருடைய உத்தரவு வேண்டும்?

புடவையைச் செருகிக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள். குழிக்குள் விரலை விட்டாள். மண் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வேர் அகப்பட்டது, இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, வெந்த காரட் மாதிரி விரலோடு குழைந்து வந்தது.

"வெந்துபோச்சு," என்றாள்.

"அடுத்ததைப் பாரு," என்றார் அண்ணன்.

பார்த்தாள். அதுவும் வெந்திருந்தது.