அக்கா போடாத நட்சத்திரக் குறி

விசைப்பலகையில் நட்சத்திரக் குறியை அழுத்த வரும்போதெல்லாம் என் விரல் கொஞ்சம் தயங்கும். வவுனியாவில் நான் முதன்முதல் வேலைக்குச் சேர்ந்த கணினி அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த அக்கா அந்தக் குறியை ஒருநாளும் போட்டதில்லை.

போரில் சிதறிய குடும்பங்களுக்காக ஒரு தேடுதளம் செய்துகொண்டிருந்தோம். முகாம் பதிவுகளின் பட்டியல் ஓர் இண்டெக்ஸ், ஆஸ்பத்திரிப் பதிவுகள் இன்னொன்று, இறந்தவர்களின் பதிவுகள் வேறொன்று. ஒரு பெயரைக் கொடுத்தால் எல்லா இண்டெக்ஸையும் ஒரே தடவையில் தேடலாம். அவற்றின் பெயர்களைக் கொமா போட்டு வரிசையாக எழுதவேண்டும். அல்லது ஒரு நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் அடங்கிவிடும். நான் சோம்பேறி, நட்சத்திரக் கட்சி. அக்கா ஒவ்வொன்றாகத்தான் எழுதுவார்.

நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நாங்கள் வாயில் வந்த பெயரைப் போடுவோம். அக்கா கடைசிச் சண்டையில் காணாமற்போன தன் தம்பியின் பெயரைப் போடுவார். வரவேண்டிய விடை பூச்சியம் என்று சோதனையிலேயே எழுதிவைத்திருந்தார். எழுதிவைத்த விடையே வந்தால் திரை பச்சையாகும், வேறு வந்தால் சிவக்கும்.

"இல்லை எண்டு வந்தால் நல்லம் தம்பி. இன்னும் தேடலாம்" என்பார்.

அவருடைய வரிசையில் இறந்தவர்களின் இண்டெக்ஸ் இல்லை என்பதை நான் பிந்தித்தான் கண்டேன். கேட்டபோது, "அதைப் பிறகு சேர்ப்பம்" என்றார். அந்தப் பிறகு மாதக்கணக்கில் இழுபட்டது.

தளத்தைத் திறக்கும் நாள் நெருங்கியது. ஒன்றும் விடுபடக்கூடாது என்று மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா தன் வரிசையை அழித்துவிட்டுக் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"நீ போடு தம்பி."

நட்சத்திரத்தைப் போட்டேன். திரை சிவந்தது. பூச்சியம் வரவேண்டிய இடத்தில் ஒன்று, இறந்தவர்களின் பதிவிலிருந்து. தகப்பன் பெயர், ஊர் விசுவமடு, வயது எல்லாம் பொருந்தின. அக்கா அழவில்லை.

"சோதனை பிழைக்குது. பூச்சியத்தை ஒண்டாக்கு" என்றார். ஆக்கினேன். பச்சை வந்தது.

அக்கா வேலையை விட்டுத் தாயாரோடு போயிருந்துவிட்டார். போன மாதம் விசுவமடுவுக்குப் போனேன். தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட கொம்பியூட்டரில ஏதும் வந்ததோ மகன்?" என்று கேட்டார். குசினி வாசலில் நின்ற அக்கா என்னையே பார்த்தார்.

"இல்லையம்மா" என்றேன்.

"அப்ப நல்லம். தேடுங்கோ" என்றார் தாயார்.

அக்காவின் சோதனையை நான் இன்னும் அழிக்கவில்லை. காலையில் அலுவலகம் திறக்கும்போது தானாக ஓடும். நட்சத்திரக் குறி எல்லா இண்டெக்ஸையும் தேடிவிட்டு வந்து ஒன்று என்கிறது. திரை பச்சையாகிறது. எல்லாம் சரியாம்.